கால் பிரேக் மட்டும் போதும் என்றவனுக்கு

மூக்கண்டப்பள்ளி
8.9.2024

மாதேஷுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எழுபத்தாறு நாள் பொறுத்துவிட்டேன். உன் அக்கா தன் போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள். நானும் அப்படியே. ஆகவே தபால். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. நடுவில் நீ, 'டவர் இல்ல மாமா, கேக்கல' என்று வைத்துவிட முடியாது.

சுவாதிக்குப் போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். வலது மணிக்கட்டுக்குள் தகடு இருக்கிறது. தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்கவில்லை. ஊசி போடுகிற கை அது. கிராம சுகாதாரச் செவிலியருக்குக் கட்டைவிரல் எவ்வளவு அவசியம் என்று, தினம் நாலு மாடு கறக்கிற உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மருத்துவ விடுப்பு அக்டோபர் பதிமூன்று வரை. பதினாலாம் தேதி திங்கட்கிழமை அஞ்செட்டிக்கே திரும்புவேன், அதே வண்டியில்தான் ஊர் ஊராகப் போவேன் என்கிறாள். ஓசூர்ப் பக்கம் இடமாற்றம் கேட்டு நானே ஒரு மனு எழுதி அவள் முன்னால் வைத்தேன். அவள் கிழிக்கவில்லை. நாலாக மடித்து, ஆடுகிற டிவி ஸ்டாண்டின் காலுக்கு அடியில் வைத்துவிட்டாள். இப்போது ஆடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நீ. உன் பழைய நூறு சிசி வண்டியைக் கொடுத்தவனும் நீ. ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னபோது, சின்னச் சக்கரம் அந்த மலை ரோட்டுப் பள்ளத்தில் இறங்கிவிடும் என்று அவளுக்குச் சொல்லிவைத்தவன் நீ. 'கால் பிரேக் மட்டும் போதும் பாப்பா, கை பிரேக் ஆளத் தூக்கி அடிச்சிடும்' என்று சொன்னதோடு நிற்காமல், முன் பிரேக் கேபிளைத் தளர்த்தி, லீவரை ஒன்றுக்கும் உதவாமல் தொங்கவிட்டவனும் நீ.

பிரேக் ஷூ செய்கிற தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாகத் தர ஆய்வாளனாக இருக்கிறேன். என் சொந்த மகளின் வண்டியில் முன் பிரேக் கிடையாது. இதைவிடக் கேவலம் எனக்கு வேண்டுமா?

உனக்கு ஏற்கெனவே நூறு முறை சொன்னதுதான். மறுபடி சொல்கிறேன். ஓடுகிற வண்டியில் பிரேக் பிடித்தால் பாரம் முழுவதும் முன் சக்கரத்தின் மேல் சாய்கிறது. பாரம் இருக்கிற சக்கரத்துக்குத்தான் தரையில் பிடி உண்டு. அந்த நேரத்தில் பின் சக்கரம் தரையைத் தடவிக்கொண்டுதான் வருகிறது. அதை மட்டும் மிதித்தால் அது பூட்டிக்கொள்ளும், வண்டியின் வால் வீசும். வண்டியை நிறுத்துவது கை பிரேக். கால் பிரேக் அதற்குத் துணை. இப்போது வருகிற சின்ன வண்டிகளில் காலால் மிதித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும்படி செய்துவிட்டார்கள். உன்னைப் போன்றவர்களைச் சட்டமே நம்பவில்லை.

நீ எப்போது கேட்டாய்? தொழிற்சாலை வாசலில் வண்டிச் சோதனை வைத்தால், முன் பிரேக் இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது என்றால், நீயும் உன் கூட்டாளிகளும் எதிர் டீக்கடையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பத்தாம் நம்பர் ஸ்பேனரால் முறுக்கிக்கொண்டு உள்ளே வருவீர்கள். ஷிப்ட் முடிந்ததும் அதே ஸ்பேனரால் தளர்த்திக்கொண்டு போவீர்கள். 2016இல் அதை நான் கண்டுபிடித்து உன் வண்டியை எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பினேன். நீ வேலையையே விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாய். என் பெயரைச் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் பொறுத்தேன்.

ஜூன் 24 காலை அந்த இறக்க வளைவில் நடந்ததைப் பற்றி அவள் சொன்னது ஒரே வாக்கியம். 'பிரேக் புடிச்சேன்பா, வண்டி கீழ போயிடுச்சு.' வேறு என்ன வேண்டும்? நீ சொல்லிக்கொடுத்தபடி காலால் மிதித்திருக்கிறாள். பின் சக்கரம் பூட்டியிருக்கிறது. விழுந்திருக்கிறாள்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். 'நான் சொல்லிக்கொடுத்தது தப்பு, இனி அந்த வண்டியைத் தொடாதே' என்று அவளுக்கு உன் கைப்பட எழுது. என் பேச்சை அவள் கேட்பதில்லை. உன் பேச்சைத்தானே கேட்கிறாள்.

விஜயகுமார்


அஞ்செட்டி
14.9.2024

மாமாவுக்கு மாதேஷ் எழுதுவது,

உங்கள் கடிதம் வந்தது. வீட்டில் ஜோதிமணிதான் வாங்கினாள். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் பாப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்க் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள். பிரித்துப் படித்த பிறகு, திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்து நிம்மதியானாள். எங்கள் நிலைமை அப்படி இருக்கிறது.

நீங்கள் எழுபத்தாறு நாள் பேசாமல் இருந்ததாக எழுதுகிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாளே நான் வந்தேன். பாப்பாவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அக்கா என் சட்டையைப் பிடித்தது. 'எம்பொண்ணச் சாவடிக்கத்தான் வண்டி குடுத்தியாடா? எம்மூஞ்சில முழிக்காத, போ' என்று வார்டு முழுக்கக் கேட்கச் சொன்னது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தீர்கள். அக்கா கையை எடுத்துவிடக் கூட வரவில்லை. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். சட்டைப் பித்தான் இரண்டு வார்டிலேயே விழுந்துவிட்டன.

அன்று முதல் பாப்பா போன் செய்தாலும் நான் எடுப்பதில்லை. எந்த வாயால் பேசுவது? முன் பிரேக்கைத் தளர்த்தியது நான்தான். அதனால்தான் விழுந்தது என்றால் அந்தப் பாவம் என்னுடையதுதான். வண்டியைத் திம்மப்பன் மெக்கானிக் ஷெட்டில் போட்டு மேலே சாக்கு மூடி வைத்திருக்கிறான். ஷெட் வழியாக நான் போவதில்லை. பாலை எடுத்துக்கொண்டு சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

ஆனால் கால் பிரேக்கைப் பற்றி நீங்கள் எழுதியதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கம்பெனியில் பிரேக் சோதிக்கிற டிராக் தார் போட்டது, காலையில் ஒருவன் துடைப்பத்தால் கூட்டுவான். நானும் அங்கே எட்டு வருஷம் வேலை செய்தவன், பார்த்திருக்கிறேன். இங்கே ரோட்டில் ராகிக் கதிரைப் பரப்பிப் போடுவார்கள், போகிற வண்டி மிதித்தே தட்டிவிடட்டும் என்று. கொள்ளுச் செடியும் போடுவார்கள். மழை பெய்தால் மேட்டிலிருந்து மண் வந்து வளைவில் படியும். அதன் மேல் கை பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். என் முன்பல் இரண்டும் 2009இல் எந்த பிரேக்கால் போயின? அன்றைக்கு நான் உங்கள் பாடப்படிதான் பிடித்தேன். பல் கட்டிக்கொண்டு வந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? 'புடிச்ச விதம் தப்பு' என்றீர்கள்.

கால் பிரேக்கில் பின் சக்கரம் வழுக்கினால் வண்டி கொஞ்சம் ஆடும், காலை ஊன்றி நிறுத்திவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் ஊன்ற நேரமே கிடையாது, ஆள் கீழேதான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைத்தான் பாப்பாவுக்குச் சொன்னேன். கெடுதலுக்குச் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னபடி எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் ஒரு தடவை போய் வண்டியைப் பார்க்கிறேன். பார்க்காமல் எழுதினால் அது பொய்யாக இருக்கும்.

அக்கா சாப்பிடுகிறதா? சர்க்கரை எவ்வளவு இருக்கிறது?

மாதேஷ்


மூக்கண்டப்பள்ளி
19.9.2024

மாதேஷுக்கு,

உன் சட்டைப் பித்தானுக்காக நான் வருத்தப்படவேண்டுமா? என் மகளின் கைக்குள் ஆறு திருகாணி இருக்கிறது.

முன்பல் கதையை நீ இன்னும் விடவில்லை. அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். நீ பிடித்த விதம் தப்பு. கை பிரேக்கை விரல் விரலாக அழுத்தவேண்டும், பாரம் முன்னால் இறங்க அரை நொடி கொடுக்கவேண்டும். நீ பாம்பின் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்தாய். ஒரு கருவியைத் தப்பாகப் பிடித்து அடிபட்டவன், பிடிக்கக் கற்றுக்கொள்வானா, கருவியைக் கழற்றி எறிவானா? நீ கழற்றி எறிந்தாய். அதோடு நிற்காமல் அதையே ஒரு சாத்திரமாக்கி என் வீட்டுப் பெண்ணுக்கும் ஓதினாய்.

ராகிக் கதிர் மேல் கை பிரேக் ஆகாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வருஷத்தில் எத்தனை நாள் ராகிக் கதிர் மேல் ஓட்டுகிறாய்? மற்ற நாளெல்லாம் வெறும் தார் ரோட்டில், எதிரில் கிரானைட் லாரி வரும்போது, பாதி பிரேக்கோடு ஓட்டவேண்டுமா? நீண்ட இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் பின் டிரம் சூடேறி, கடைசி வளைவில் பிரேக்கே பிடிக்காது. அப்போது கைக்கு என்ன இருக்கிறது? உன் தளர்ந்த லீவர். அது எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அந்த ஷூக்கள் எரிந்து, கண்ணாடிபோல் பளபளத்து, திரும்ப வருகிற இடம் என் மேஜை.

இன்னொன்று. நீ வண்டியைப் போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லை. மூன்று மாதம் ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியில் பார்க்க என்ன இருக்கிறது? நீ என்ன நிபுணனா? திம்மப்பனிடம் சொல்லிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு. அவளுக்கு எழுதவேண்டியதை மட்டும் எழுது.

நேற்று நான் ஸ்கூட்டர் பேச்சை மறுபடி எடுத்தேன். அவள் ரப்பர் பந்தைக் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், கட்டைவிரலுக்கான பயிற்சி. நிமிராமலே சொன்னாள். 'ஒம்போது மாசம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினேன்ப்பா. ஒரே ஒரு நாள் விழுந்தேன். அந்த ஒரு நாள் என்ன ஆச்சுன்னு யாருமே கேக்க மாட்டேங்கறீங்க. எல்லாரும் நிறுத்து நிறுத்துன்னுதான் சொல்றீங்க.' உன் அக்கா அழ ஆரம்பித்தாள். வழக்கம்போல் எழுந்து போனவன் நான்.

உன் அக்காவின் சர்க்கரை இருநூற்று நாற்பது. காரணம் நீ.

விஜயகுமார்


அஞ்செட்டி
26.9.2024

மாமாவுக்கு,

வண்டியைப் பார்த்தேன்.

பார்க்க வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமையே நான் பார்த்துவிட்டேன். அப்போது புரியாமல் இருந்தது உங்கள் கடிதத்தைப் படித்ததும் புரிந்தது. மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். ஜோதிமணி, 'ஆத்திரத்துல எழுதாதங்க' என்று பேனாவை எடுத்து ஒளித்துவைத்தாள். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாக்கை எடுத்ததும் பழக்கத்தில் முன் லீவரைப் பிடித்தேன். பாதிகூட வரவில்லை, கல் மாதிரி நின்றது. நான் விட்ட லீவர் கைப்பிடி வரைக்கும் போய் ஒட்டும். கீழே குனிந்து கேபிள் நட்டைப் பார்த்தேன். கடைசி மரையில் நான் விட்ட நட்டு, ஏழெட்டு மரை உள்ளே ஏறியிருக்கிறது. துருவைப் பிரஷ் போட்டு எடுத்திருக்கிறது. மரையில் கிரீஸ் தடவியிருக்கிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு.

திம்மப்பன் அவன் கன்னடத்தில் என்னவோ முனகிவிட்டுச் சொன்னான். 'மாதேஷா, இது நம்ம ஆளுங்க கை இல்ல. நம்ம ஆளுங்க நட்டு முறுக்கினா கட்டிங் பிளேயர் பல்லு இருக்கும். இதப் பாரு, கல்யாணப் பொண்ணுக்குப் பொட்டு வெச்ச மாதிரி கோடு போட்டுருக்குது.'

நான் சிரிக்கவில்லை. எட்டு வருஷம் லைனில் நின்றவனுக்கு அந்தக் கோடு என்னவென்று தெரியும். சரியாக முறுக்கியாகிவிட்டது, இனி யாரும் தொடக்கூடாது என்று ஆய்வாளர் போடுகிற கோடு. நாங்கள் போட்டால் மெமோ கொடுப்பீர்கள்.

அன்று சாயங்காலம் நானே பாப்பாவுக்குப் போன் செய்தேன். மூன்று மாதத்தில் முதல் தடவை. பாப்பா, 'இப்பதான் ஞாபகம் வந்துச்சா மாமா' என்றது. நட்டைத் தொட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றது. சர்வீஸ் விட்டாயா? இல்லை. விழுவதற்கு முந்தின நாள் வண்டி எங்கே இருந்தது? 'ஞாயித்துக்கெழம நம்ம வீட்லதான். அப்பா கழுவி வெச்சாங்க' என்றது. சொன்ன கையோடு, 'வெக்கறேன் மாமா' என்று வைத்துவிட்டது.

உங்களுக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். நான் லீவரைத் தளர்த்தியதோடு விடவில்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கையையும் சேர்த்து முழுக்க அழுத்திவிடு என்று பாப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். கை அழுத்தினால்தான் பின்னால் சிவப்பு விளக்கு நன்றாக எரியும், பின்னால் வருகிற லாரிக்காரனுக்குத் தெரியும். கால் சுவிட்ச் அந்த வண்டியில் ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் எரியாது. பாப்பாவுக்குக் கை லீவர் என்றால் விளக்கு, கால் என்றால் பிரேக். ஒன்பது மாதம் அப்படித்தான் ஓட்டியது. பழகிய கை மாமா அது. வளைவில் புதுசாக ஜல்லி கொட்டியிருந்தது. பாப்பா பழக்கத்தில் மொத்தமாக அழுத்தியிருக்கிறது. அழுத்தியது விளக்கு என்று அது நினைத்தது. முன் சக்கரம் பூட்டிக்கொண்டது. வலது பக்கம் மடங்கியது.

என் தப்பு இல்லை என்று சொல்லவில்லை. தளர்த்தியது தப்பாகவே இருக்கட்டும். ஆனால் தளர்த்தியதைச் சொல்லிவிட்டுத் தளர்த்தினேன். நீங்கள் சொல்லாமல் முறுக்கினீர்கள்.

மூன்று மாதமாக அக்கா என்னைக் கொலைகாரன் என்கிறது. நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றீர்கள். ஏன் திரும்பினீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

முறுக்கியது நான்தான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். அக்காவிடம் காட்டவேண்டும்.

மாதேஷ்


மூக்கண்டப்பள்ளி
30.9.2024

மாதேஷுக்கு,

மஞ்சள் பேனா எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஓசூரில் ஆய்வாளர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூன்று மாதமாக வண்டி உன் ஊரில், உன் கூட்டாளியின் ஷெட்டில், யார் கைக்கும் எட்டுகிற இடத்தில் கிடக்கிறது. தன் மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரு நட்டை முறுக்குவது பெரிய காரியம் இல்லை. எட்டு வருஷம் லைனில் நின்றவன் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இனி எழுதாதே. அவளிடமும் பேசாதே.

விஜயகுமார்


அஞ்செட்டி
4.10.2024

மாமா,

உங்கள் கடிதத்தை ஜோதிமணிக்குக் கூடக் காட்டவில்லை. உங்களுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன். பாப்பாவிடமும் இனிமேல் கேட்க மாட்டேன். சொல்வதென்றால் நீங்கள் சொல்லுங்கள்.

ஆனால் பாப்பா பதினாலாம் தேதி வருகிறது. நீங்களும் நிறுத்த முடியாது, நானும் முடியாது. பஸ் அஞ்செட்டியோடு சரி, அதற்கு மேல் பாப்பா பார்க்கிற ஊர்களுக்கு வண்டி இல்லாமல் முடியாது. போன வாரம் ஒரு கர்ப்பிணியை டிராக்டரில் கொண்டுவந்தார்கள். திம்மப்பன் ஹேண்டில் பாரை நிமிர்த்தி, வண்டியைத் தயார் செய்துவிட்டான். முன் பிரேக்கை எவ்வளவு வைப்பது என்று என்னைக் கேட்கிறான். நான் தளர்த்தினால் மறுபடி என் தலையில் விழும். அப்படியே விட்டால் பாப்பா விழும்.

எவ்வளவு வைப்பது, எப்படிப் பிடிப்பது என்று எழுதுங்கள். கீழே கையெழுத்து வேண்டும். அதற்கும், முறுக்கியதற்கும் சேர்த்து.

மாதேஷ்


மூக்கண்டப்பள்ளி
8.10.2024

மாதேஷ்,

நான் முறுக்கினேன்.

ஜூன் 23 ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டில் பேச்சு வந்தது. கை பிரேக் பற்றி நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். சுவாதி ரசம் ஊற்றிக்கொண்டே, 'மாமா சொல்றது எங்க ரோட்டுக்குச் சரியா இருக்குதுப்பா. நீங்க சொல்றது உங்க டிராக்குக்கு' என்றாள். உன் அக்கா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சுவாதி தூங்கியபின் வண்டியைக் கழுவினேன். லீவரைப் பிடித்தேன், கைப்பிடியில் போய் ஒட்டியது. நட்டைத் துடைத்தேன், கிரீஸ் வைத்தேன், முறுக்கினேன். தள்ளிப் பார்த்தேன், சக்கரம் அப்படியே நின்றது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. கோடு போட்டது எனக்கே நினைவில்லை. கை தானாகப் போட்டிருக்கும். நீ எழுதிய அன்றுதான் சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். சொன்னால், 'மாமா தளர்த்தினத ஏன்ப்பா தொட்டீங்க' என்பாள். மறுபடி உன்னோடு போட்டி, மறுபடி எனக்குத் தோல்வி. சொல்லாமல் விட்டால், காலையில் ஓட்டுவாள், வண்டி சொன்ன இடத்தில் நிற்கும், போய்ச் சேர்ந்ததும் போன் செய்வாள், 'அப்பா, வண்டி நல்லா நிக்குதுப்பா' என்பாள். அப்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை அந்த போனுக்காகக் காத்திருந்தேன். ஒன்பது பத்துக்கு அஞ்செட்டியிலிருந்து போன் வந்தது. பேசியது அவள் இல்லை.

ஆஸ்பத்திரியில் அருணா உன் சட்டையைப் பிடித்தபோது எனக்கு எல்லாம் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு உன் மேல் கோபப்படக் கோபப்பட, நானே அதை நம்ப ஆரம்பித்தேன். போன கடிதத்தில் உன்னைத் திருடனாக்கினேன். அதை எழுதிய பிறகு சாப்பாடு இறங்கவில்லை, அதற்கும் உன்மேல்தான் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. பிரேக் லீவரை விளக்கு சுவிட்ச் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த மடத்தனத்தை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். அந்த மடத்தனம் இல்லையென்றால் என் முறுக்கல் அவளை விழவைத்திருக்காது. என் முறுக்கல் இல்லையென்றால் உன் மடத்தனமும் விழவைத்திருக்காது. எதைத் தனியாக எடுத்தாலும் அவள் இன்றைக்கு முழுக் கையோடு இருப்பாள்.

சுவாதிக்குத் தெரியும். போன ஞாயிறு வாசலில் என் வண்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 'இதுல எது முறுக்குனா இறுகும், எது தளரும்னு காட்டுங்கப்பா' என்றாள். காட்டினேன். ஸ்பேனரை வாங்கி இடது கையால் இரண்டு சுற்று முறுக்கினாள், இரண்டு சுற்று தளர்த்தினாள். 'இனிமே யார் தொட்டாலும் ஓட்டறதுக்கு முன்னால நானே பாத்துக்கறேன்' என்று சொல்லி ஸ்பேனரைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திம்மப்பனிடம் சொல். லீவர் பாதி தூரம் வந்தபிறகு பிடிக்க ஆரம்பிக்கட்டும், கைப்பிடியை எப்போதும் தொடக்கூடாது. பின் பிரேக் பெடல் கட்டைவிரல் அகலம் இறங்கியதும் பிடிக்கட்டும். கால் சுவிட்சை மாற்றச் சொல், விளக்கு அதிலேயே எரியட்டும். வேலையில் சேர்வதற்கு முன்னால் இரண்டு நாள், சந்தை மைதானத்தில், இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல், நீயே அவளைப் பழக்கு. முதலில் காலை மட்டும், பிறகு கையை மட்டும், பிறகு இரண்டையும். அவள் கை அழுத்துவதை மறந்து, பிடிப்பதைக் கற்கவேண்டும். காய்ந்த தாரில் நேராகப் போகும்போது கைதான் நிறுத்தும், கால் கூடவே இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினே பிடிக்கட்டும், காலை விட்டு விட்டு மிதிக்கட்டும். ஜல்லியில், மண்ணில், ராகிக் கதிர் மேல், வண்டி சாய்ந்திருக்கும்போது, கால் பிரேக். மெதுவாக. கை வேண்டாம். எழுதிவிட்டேன், போதுமா? பதினைந்து வருஷமாக இந்த ஒரு வரியை உனக்குச் சொல்ல என் வாய் வரவில்லை. பல் போன அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

இதை அருணாவிடம் காட்டிக்கொள். ஒரு வாரமாகச் சொல்ல முயல்கிறேன். அடுப்படி வரை போகிறேன், தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். ஒரே கூரையின் கீழ் இருக்கிறவளுக்கு இந்தச் செய்தி அஞ்செட்டி போய்த்தான் திரும்பி வரவேண்டியிருக்கிறது. சனிக்கிழமை சுவாதியைக் கூட்டிப்போக நீயே வா. அருணா கதவைத் திறக்காவிட்டால் நான் திறக்கிறேன். அதற்கு மேல் உங்கள் இருவருக்கும் நடுவில் நான் நிற்கமாட்டேன், ஜன்னல் பக்கமும் திரும்பமாட்டேன்.

கையெழுத்துக் கேட்டிருக்கிறாய். அருணாவுக்கு அது வேண்டாம். இருபத்தாறு வருஷமாக மளிகைச் சீட்டிலிருந்து என் எழுத்தைப் பார்க்கிறவள், முதல் வரியிலேயே தெரிந்துகொள்வாள். சுவாதிக்கும் வேண்டாம். வேண்டியது உனக்கு மட்டும்தான். நான் தோற்றேன் என்பதற்குக் கீழே என் பெயர் இருக்கவேண்டும் உனக்கு. செய்ததை ஒன்று விடாமல் எழுதிவிட்டேன். அதற்கு மேல் உனக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. காலை ஷிப்டுக்குப் போகிற வழியில் இதைத் தபாலில் போடுகிறேன், கையெழுத்து இல்லாமல்.